ரூம் போடும் முன் யோசிப்போம்

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்துவிடவும் :-)

"ரூம் போட்டு யோசிப்பாங்களோ?" என்று நாம் எல்லோரையும் கிண்டல் பண்ணியிருக்கிறோம். என் கேள்வி கொஞ்சம் வேற. ரூம் போடுவதற்கு முன்னால் யாராவது யோசிக்கிறார்களா?

விஷயம் இதுதான். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கொண்டுபோய் விட ஒரு தடவை, பட்டமளிப்புக்கு ஒரு தடவை என்று அப்பா அம்மாவும் போவார்களாம். "நீ போயிட்டு வந்தவன்தானே, எங்க தங்கலாம் சொல்லு" என்று கேட்டார்கள். பதில் வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

அந்த ஊருக்குப் போய் வந்த யாரைக் கேட்டாலும் இரண்டு அறிவுரைதான் கிடைக்கும். ஒன்று, "கடல் தெரியிற ரூமா பாத்து எடு." இரண்டு, "ஆள் நிறைய இருந்தா முழு வீடா எடுத்துடு, தலைக்குக் கணக்குப் போட்டா ரொம்ப சல்லிசு."

இரண்டுமே தப்பு என்கிறேன். முதலாவது உங்கள் பர்சுக்கு நீங்களே செய்துகொள்ளும் தப்பு. அதில் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான், தொலையட்டும். இரண்டாவது அடுத்தவன் குடியிருக்க வேண்டிய வீட்டில் கை வைக்கிற தப்பு. இந்தப் பதிவின் கோபமெல்லாம் அதன் மேல்தான். இரண்டையும் நானே செய்திருக்கிறேன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

பிரைட்டனைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லண்டனுக்கு நேர் தெற்கே, ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கேட்விக் விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம். 1841-இலேயே லண்டனிலிருந்து ரயில் வந்துவிட்டது. பக்கத்து ஊரான ஹோவையும் சேர்த்து 'பிரைட்டன் அண்டு ஹோவ்' என்று 2000-இல் மாநகர அந்தஸ்து கொடுத்தார்கள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 லட்சத்து 77 ஆயிரம். இரண்டு பல்கலைக்கழகங்கள். மெரினா மாதிரி மணல் கிடையாது, கடற்கரை முழுக்கக் கூழாங்கல். செருப்பில்லாமல் நடந்தால் முன்ஜென்மப் பாவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது கொசுவத்திச் சுருளைக் கொளுத்துகிறேன். 2024 ஜூலை. பெரியப்பா மகன், எங்கள் குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பட்டதாரி, பட்டம் வாங்கும் விழா. பெரியப்பா, பெரியம்மா, பெரியம்மாவின் தங்கை குடும்பம், பெட்டி தூக்க நான். மொத்தம் ஐந்து இரவுகள். முதல் இரண்டு இரவு கடல் தெரியும் விடுதி. அடுத்த மூன்று இரவு முழு வீடு.

தப்பு நம்பர் 1: கடல் தெரியும் ஜன்னல்

பெரியப்பாவின் ஒரே நிபந்தனை, "டேய், காலையில எழுந்தா கடல் தெரியணும்." தெரிந்தது. எப்படி என்றால், ஜன்னலின் இடது மூலைக்குப் போய், குதிகாலைத் தூக்கி, கழுத்தை வலது பக்கம் வளைத்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நாலு விரல் அகலத்துக்கு நீலமாக ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் 'சைடு சீ வியூ'. விடுதியின் பெயர் வேண்டாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் 'சைடு' என்ற வார்த்தையைப் படிக்கவில்லை.

இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரைட்டன் கடற்கரை ஓரமாக நீங்கள் பார்க்கிற அழகான வெள்ளை, பழுப்பு வீடுகளெல்லாம் பெரும்பாலும் 1800-களின் முற்பாதியில் கட்டியவை. ரீஜென்சி ஸ்கொயர், பிரன்ஸ்விக் ஸ்கொயர் போன்ற சதுக்கங்கள் மூன்று பக்கம் வீடு, நான்காவது பக்கம் கடல் என்று அமைந்தவை. பக்கவாட்டு வரிசை வீடுகளுக்கும் கடல் தெரிய வேண்டுமே, அதற்காக ஜன்னல்களைத் தொப்பை போல வெளியே தள்ளிக் கட்டினார்கள். அப்போதே கடல் பார்வைக்குக் காசு!

அந்தக் காலத்து வீடு என்றால் இந்தக் காலத்துக் கஷ்டங்களும் கூடவே வரும். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. குறுகலான படி. மேலே போகப் போக அறை சின்னதாகும், கூரை சரியும். பெரியம்மாவின் முழங்காலுக்கு நான்காவது மாடி என்பது திருப்பதி நடைபாதை. கடலுக்கும் விடுதிக்கும் நடுவில் நாள் முழுக்க வண்டி ஓடும் பெரிய சாலை. ஜன்னலைத் திறந்தால் இரைச்சல், மூடினால் புழுக்கம். ஜூலையில் ஐந்து மணி வாக்கில் சூரியன் உதித்துவிடும். அதற்கும் முன்னாலேயே சீகல் பறவைகள் கூரையில் பஞ்சாயத்தைக் கூட்டிவிடும். சட்டப் பாதுகாப்பு பெற்ற பறவைகள் வேறு, ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கோடையில்தான் இப்படி. நண்பர்களே, உங்கள் முதுகலைப் பட்டமளிப்பு குளிர்காலத்தில் வந்தால்? டிசம்பர் கடைசியில் அங்கே மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காலை 8 மணிக்குத்தான் வரும். நீங்கள் ஊர் சுற்றிவிட்டு ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பினால், கூடுதல் பணம் கொடுத்த அந்த ஜன்னலில் தெரிவது கும்மிருட்டும் உங்கள் முகமும்தான்.

கடல் என்ன, டிக்கெட் வைத்த சினிமாவா? பிரைட்டன் பையரிலிருந்து ஹோவ் புல்வெளி வரைக்கும் கடலை ஒட்டியே நடக்கலாம், ஒரு பைசா செலவில்லை. 1975-இல் மூடி, 2003-இல் தீப்பிடித்து, இப்போது கடலுக்குள் வெறும் இரும்பு எலும்புக்கூடாக நிற்கும் வெஸ்ட் பையரைப் பார்க்கக் காசில்லை. குளிர்கால மாலையில் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங் பறவைகள் பையர்களின் மேல் கூட்டமாக வளைந்து நெளிந்து பறக்குமாம். அண்ணன் வீடியோவில் காட்டினான். அதற்கும் காசில்லை. அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலைக் காட்டிக் காசு பார்ப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதற்கு அந்த ஊரிலேயே 162 மீட்டர் உயரத்தில் ஒரு சாட்சி நிற்கிறது. 'ஐ360' என்ற கோபுரம். கண்ணாடிக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் கடலையும் ஊரையும் காட்டுவார்கள். 2016-இல் திறந்தார்கள். நகர கவுன்சில் வழியாகப் போன கடன் மட்டும் சுமார் 3.6 கோடி பவுண்டு. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2024 கடைசியில் திவால் நடவடிக்கைக்குப் போனது. கவுன்சிலுக்கு வர வேண்டிய பெரும்பணம் போயே போச்சு. 'பார்வை'யை மட்டும் நம்பிய வியாபாரத்தின் இருப்புநிலைக் குறிப்பு இதுதான்.

இதுவரை சொன்னது வெறும் புலம்பல். இதற்காக இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இனிமேல்தான் மேட்டர்.

தப்பு நம்பர் 2: முழு வீடு

மூன்றாம் நாள் காலை பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஹானோவர் என்ற பகுதிக்குப் போனோம். செங்குத்தான மேடு, இரண்டு பக்கமும் கலர் கலராக ஒட்டி ஒட்டிச் சின்ன வீடுகள். ஒரு வீடு முழுக்க எங்களுக்கு. கதவருகே சுவரில் ஒரு சின்னப் பெட்டி, நம்பரைத் திருகினால் உள்ளே சாவி. வீட்டுக்காரர் முகத்தை மூன்று நாளும் பார்க்கவே இல்லை. சமையலறை இருந்தது, பெரியம்மா ரசம் வைத்தார். எல்லோருக்கும் பரம சந்தோஷம். எனக்கும்தான்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தான். தெருவை ஒரு பார்வை பார்த்தான். "இங்கதான் எங்க சீனியர் பசங்க இருந்தாங்க. ரெண்டு வீடு தள்ளி. அந்த வீடும் இப்ப இப்படித்தான் ஆயிடுச்சு" என்றான். போய்ப் பார்த்தேன். கதவருகே அதே மாதிரி சாவிப் பெட்டி. பிறகு தெருவின் கடைசி வரை நடந்து எண்ணினேன். ஏழு. (எல்லாப் பெட்டியும் விருந்தாளிகளுக்கானது என்று சொல்ல மாட்டேன். தனியாக இருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வருபவர்களுக்காகவும் சிலர் வைப்பார்கள்.) இரண்டாம் வருடத்தில் அண்ணனும் நண்பர்களும் வீடு தேடி அலைந்த கதையை அன்று ராத்திரி முழுக்கச் சொன்னான். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர் நிற்பார்களாம். கடைசியில் கிடைத்த வீடு ஊர்க்கோடியில்.

பெரியப்பா, "அவன் வீடு, அவன் யாருக்கு விட்டா நமக்கென்னடா?" என்றார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து படித்த பிறகு தெரிந்தது. பெரியப்பா, இது உங்களுக்கான பதில்.

முதலில் நிலம். பிரைட்டனுக்குத் தெற்கே கடல். வடக்கே சவுத் டவுன்ஸ் குன்றுகள், 2010 முதல் தேசியப் பூங்கா. நடுவில் சிக்கிய பட்டைதான் ஊர். நினைத்தபடி வெளியே விரிந்து வீடு கட்ட இடம் கிடையாது. முதல் வருட எகனாமிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அளிப்பு நெகிழாத் தன்மை கொண்டது, தேவை ஏறிக்கொண்டே போகிறது. விலை எங்கே போகும்? வீட்டு வாடகையில் லண்டனுக்கு வெளியே மிகவும் காஸ்ட்லியான ஊர்களில் ஒன்று என்று பிரைட்டன் பெயர் வாங்கியிருப்பது சும்மா இல்லை. அந்த நிலைமையில் குடியிருப்பு வீடு ஒன்று விருந்தினர் வீடாக மாறினால், அதற்குப் பதிலாக இன்னொரு வீடு முளைக்காது.

அடுத்து சட்டம். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று முதல் ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தால், அதாவது மாணவர்கள் மாதிரி, அந்த வீடு தனி வகை. ஒரு சாதாரணக் குடும்ப வீட்டைப் புதிதாக அப்படி மாற்றப் பிரைட்டனில் கவுன்சிலின் பிளானிங் பெர்மிஷன் வேண்டும். 2013-இல் மாணவர்கள் அதிகம் இருக்கும் ஐந்து வார்டுகளில் கொண்டுவந்தார்கள், 2020-இல் நகரம் முழுக்க விரித்தார்கள். சுற்றிலும் 50 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே அந்த வகை என்றால் அனுமதி கிடையாது. நல்லது, தெருவில் குடும்பங்களும் இருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே வீட்டை வாரக் கடைசியில் வரும் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கூட்டத்துக்கு விட்டால்? இப்படிப்பட்ட எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. லண்டனில் ஒரு முழு வீட்டை வருடத்துக்கு 90 இரவுக்கு மேல் இப்படி விட பிளானிங் பெர்மிஷன் வேண்டும், 2015 முதல் சட்டம். அது லண்டனுக்கு மட்டும். ஒரு மணி நேரம் ரயிலில் தெற்கே வந்தால் அந்த 90 கிடையாது. 'பார்ட்டி ஹவுஸ்' என்று ஊர்க்காரர்களே பெயர் வைக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் கிடையாது.

மாணவன் வருடம் பூராவும் அந்தத் தெருவில் குடியிருந்தால் அனுமதி கேள். இரண்டு ராத்திரி கூத்தடிக்க வருபவனுக்குக் கேட்காதே. இது என்ன நியாயம் சாமி?

அடுத்து நம்ம சப்ஜெக்ட், வரி. "தலைக்குக் கணக்குப் போட்டா சல்லிசு" என்கிறார்களே, ஏன் சல்லிசு என்று கணக்குப் பார்ப்போம்.

பெரிய ஓட்டல் பில்லில் 20 சதவீதம் வாட் வரி. வருட வியாபாரம் 90,000 பவுண்டைத் தாண்டாதவர் வாட்டுக்குப் பதிவு செய்யத் தேவையில்லை (2024 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு). ஒன்றிரண்டு வீட்டை விடுபவர் இதில் தப்பித்துவிடுவார்.

அடுத்தது, அந்த வீட்டை 'வியாபார இடம்' என்று கணக்குக் காட்டினால் சாதாரண வீடு கட்டும் கவுன்சில் டாக்ஸ் கிடையாது, வியாபார வரிதான். அதிலும் மதிப்பு 12,000 பவுண்டுக்குள் என்றால் சிறுதொழில் சலுகையில் வரி பூஜ்யம் ஆகலாம். வியாபாரம் என்று காட்ட என்ன தகுதி? 2023 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில், வருடத்தில் 140 இரவு வாடகைக்குத் தயாராக இருக்க வேண்டும், 70 இரவாவது நிஜமாக விட்டிருக்க வேண்டும். வெறும் 70! மீதி 295 இரவு காலியாகக் கிடந்தாலும் அது தொழில். வாசலில் பத்துப் பேர் வீடு கேட்டு நிற்கும் ஊரில்.

இன்னும் இருக்கிறது. 2017-இலிருந்து படிப்படியாக, வருடக் கணக்கில் வாடகைக்கு விடும் சாதாரண வீட்டுக்காரர்களுக்கு வீட்டுக்கடன் வட்டியை முழுதாகக் கழிக்கும் சலுகையைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் 20 சதவீத வரவு மட்டும் என்று நிறுத்தினார்கள். அதே சமயம் விடுமுறை வீடாக விட்டவர்களுக்கு வட்டி முழுக்கக் கழிவு, கூடவே மற்ற சலுகைகள். 2025 ஏப்ரலில்தான் அந்தத் தனிச்சலுகையை எடுத்தார்கள். அதாவது எட்டு வருடம் அரசாங்கமே வீட்டுக்காரரிடம் "குடியிருப்பவனை அனுப்பு, டூரிஸ்டை ஏற்று" என்று காதில் ஓதிக்கொண்டிருந்தது. மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் அந்தத் தெருவுக்குத் திரும்பி வருவார்களா என்ன?

நமக்குச் சல்லிசாகத் தெரிவது இதனால்தான். சல்லிசு அல்ல, செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள். பாடப் புத்தகத்தில் 'புறவிளைவு' என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போனோமே, அதுதான் இது. அந்த மூன்று இரவுகளில் என் ரசச் சோற்றின் புறவிளைவு, ஊர்க்கோடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த என் அண்ணன்.

"ஆனா பாஸ்..." என்பவர்களுக்கு

"அந்த ஊர் பிழைப்பே டூரிஸ்ட்தானே?" ஆமாம், 270 வருடமாக. 1750-களில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற டாக்டர் கடல் தண்ணீர் வைத்தியம் என்று ஆரம்பித்து வைத்தார், குடிக்கவும் சொன்னார். உவ்வே. 1820-களில் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது அங்கே நீராவிக் குளியல், 'ஷாம்பூ' மசாஜ் என்று நடத்தி, ராஜாவுக்கே வைத்தியரானார். அவருடைய குளியல் நிலையம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஓட்டல். 1864-இல் கிராண்ட் ஓட்டல், 1890-இல் மெட்ரோபோல். கெம்ப்டவுன் பக்கம் நியூ ஸ்டீன், மதீரா பிளேஸ் தெருக்களில் வரிசையாகச் சின்ன விருந்தினர் விடுதிகள். விருந்தாளிக்கென்றே இத்தனை படுக்கைகளை அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, குடியிருப்பவனின் படுக்கைதான் வேண்டும் என்று ஏன் அடம் பிடிக்க வேண்டும்? தவிர, அந்த ஓட்டல்களில் படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் எங்கே குடியிருப்பார்கள்?

"அந்தக் காலத்திலேயே வீட்டில் விருந்தாளிகளை வைத்தார்களே?" வைத்தார்கள். இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களின் வீட்டுக்கார அம்மா என்றால் கார்ட்டூன் போடும் அளவுக்குப் பிரபலம். ஆனால் அந்த அம்மா அதே வீட்டில் இருந்தார். காலையில் முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு, லேட்டாக வந்தால் திட்டுவார். இன்றைக்கும் ஒருவர் தான் இருக்கும் வீட்டில் ஒரு அறையை விட்டால் நான் கும்பிடு போடுவேன். வருடம் 7,500 பவுண்டு வரை அதற்கு வரி கூட இல்லை, சரியான சலுகை. சின்ன விருந்தினர் விடுதிகளுக்கும் மேலே சொன்ன வாட், வியாபார வரிச் சலுகைகள் கிடைக்கும். அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் யாரையும் கிளப்பிவிட்டு அந்தப் படுக்கையைப் போடவில்லை.

"குடும்பத்தோட போனா சமையல் பண்ண வேண்டாமா?" நியாயமான கேள்வி. சமையலறையோடு விருந்தினர்களுக்கென்றே நடத்தும் சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று ஒரு வகை இருக்கிறது. விலை கொஞ்சம் கூடும். அதுவும் இல்லையென்றால், சைவச் சாப்பாட்டுக்கு இங்கிலாந்திலேயே பெயர் போன ஊர் அது. மூன்று நாள் ரசம் இல்லாமல் யாரும் செத்ததில்லை. (பெரியம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.)

"நான் ஒருத்தன் மாறினா என்ன ஆகும்?" இந்தக் கேள்வியைக் காமர்ஸ் படிப்பவன் கேட்கவே கூடாது. அந்த வீட்டுக்காரர் வருடத்துக்கு விடுவதா, இரவுக்கு விடுவதா என்று இரண்டு வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தானே முடிவு செய்கிறார்? இரவுக் கணக்கில் வரும் ஒவ்வொரு புக்கிங்கும் அந்தத் தராசில் விழும் ஒரு படிக்கல். நாங்கள் மூன்று வைத்தோம்.

அரசாங்கமும் சும்மா இல்லை, பதிவேடு வைக்க 2023 சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். பதிவேடு எத்தனை வீடு என்று எண்ணும். ஒரு வீட்டைக்கூடத் திருப்பித் தராது. எடின்பரோவைப் பாருங்கள். 2022-இல் ஊர் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்து, முழு வீட்டை இப்படி மாற்ற அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். பார்சிலோனா 2028-க்குள் டூரிஸ்ட் ஃபிளாட்டுகளை ஒழிப்பதாகச் சொல்லியிருக்கிறது. மனசு இருந்தால் மார்க்கம் இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதுதான் என்னைத் தூங்க விடாதது. இங்கிலாந்தில் வீடில்லாமல் போன குடும்பங்களைத் தற்காலிகமாக எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? வேறு இடம் கிடைக்காவிட்டால் 'பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட்' விடுதிகளில். குழந்தைகள் உள்ள குடும்பத்தை அங்கே ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2003-இல் ஒரு உத்தரவே போட வேண்டியிருந்தது. அதாவது விருந்தாளி வீட்டில் இருக்கிறான், வீட்டில் இருக்க வேண்டியவன் விடுதியில் இருக்கிறான். எதுவோ எங்கேயோ தலைகீழாக மாட்டியிருக்கிறது.

சரி, எங்கேதான் தங்குவது?

வகுப்பு நண்பர்களே, பதில் கேட்டீர்கள் அல்லவா, இதோ. புக் செய்யும் முன் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. இந்தப் படுக்கையில் நான் படுக்காவிட்டால் யார் படுப்பார்? இன்னொரு விருந்தாளி என்றால் தாராளமாக எடுங்கள். ஒரு குடும்பமோ நாலு மாணவர்களோ என்றால் விட்டுவிடுங்கள்.

2. வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா? அவர் பெயரில் வேறு எத்தனை வீடு இருக்கிறது என்று பார்க்க இரண்டு கிளிக் போதும். ஒருவர் பெயரில் பத்து வீடு என்றால் அது விருந்தோம்பல் இல்லை, மொத்த வியாபாரம்.

3. ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்டேஷனிலிருந்து நேரே கீழே இறங்கினால் கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடும். அதனால் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்ற கேள்விக்கே இந்த ஊரில் பெரிய அர்த்தமில்லை. பல்கலைக்கழக வேலை என்றால் ஓல்ட் ஸ்டீனிலிருந்து 25-ஆம் நம்பர் பஸ். (அந்த ஊர்ப் பஸ்களுக்கு அவ்வூரோடு தொடர்புள்ள, மறைந்த மனிதர்களின் பெயர் வைத்திருப்பார்கள். படித்துக்கொண்டே நிற்கலாம், நேரம் போகும்.)

4. எந்த நாள்? வெள்ளி, சனி விலையும் ஞாயிறு முதல் வியாழன் விலையும் வேறு வேறு. மே மாதம் கலைவிழா, ஆகஸ்ட் ஆரம்பத்தில் பிரைடு ஊர்வலம். அப்போது போனால் படியில்கூட இடம் கிடைக்காது. வெஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் வார இறுதியில் விடிய விடிய ஆட்டம், பெரியவர்களோடு போனால் அந்தப் பக்கம் வேண்டாம். அமைதி வேண்டுமென்றால் ஹோவ்.

5. எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா? அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள். கடல் தெரியுமா என்று கடைசியாகக் கூடக் கேட்க வேண்டாம்.

அடுத்த வருடம் நீங்கள் அந்த ஊரில் வீடு தேடி அலையப் போகிறீர்கள். ஏதோ ஒரு கதவருகே சாவிப் பெட்டி மாட்டியிருக்கும். உள்ளே ஒரு குடும்பம் சந்தோஷமாக ரசம் வைத்துக்கொண்டிருக்கும். அது உங்கள் குடும்பமாக இருக்க வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவும்.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிடா, அடுத்த தடவை விடுதியிலேயே தங்கலாம்" என்றார். நான் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள், "ஆனா கடல் தெரியணும்" என்றார்.

டிஸ்கி: முழு வீடு எடுத்துத் தங்கியவர்களை எல்லாம் வில்லன்கள் என்று சொல்லவில்லை. நானே எடுத்தவன்தான். தெரியாமல் செய்தேன். இப்போது தெரியும்.